எடை குறைக்கோணும், ஆனா நெனச்சாலே மலைப்பா இருக்குதுங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், ஈரோடு, கோபி பக்கத்திலிருந்து உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். 'என்ன சாப்பிடலாம்' என்பது பெரும்பாலும் பிறகுதான் வரும். வேலை, வட்டி, பிள்ளைகள் படிப்பு, மாமனாரின் மருந்துச் செலவு, இதற்கு நடுவில் எடையையும் பார்க்க வேண்டுமா என்ற அலுப்புதான் முதலில் வரும். அந்த அலுப்பில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. ஏற்கெனவே ஜிம்முக்குப் போய், முட்டை வெள்ளைக்கருவை எண்ணிச் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

குறைக்கோணும்னு மனசுல இருக்குது. ஆனா ஆர்வமே வர மாட்டேங்குது. எப்படீங்க வர வைக்கறது?

வர வைக்க முயலாதீர்கள். ஆர்வம் வந்த பிறகு தொடங்கலாம் என்று இருப்பவர்கள் தைப்பொங்கலுக்குச் சொன்னதையே தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் காரியம் முன்னால் போகும், ஆர்வம் பின்னால் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இதை ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். மனம் சரியாகட்டும் என்று காத்திருக்க விடாமல், சின்னதாக ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் செய்ய வைப்பார்கள். மனம் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். கடைவீதிக்குக்கூட வண்டியை எடுக்கிற ஆள் நாள்கணக்கில் நடந்துபோய் மலையேறிவிட்டு வருகிறார். அவருக்கு ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊர்க் குழு தேதி குறித்துவிட்டது, மாலை போட்டாயிற்று, முதல் நாள் ராத்திரி எந்த மண்டபம், சோறு எங்கே என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. கூட நடப்பது மட்டும்தான் அவர் வேலை. எடை குறைக்கவும் இவ்வளவுதான் வேண்டும்: ஒரு தேதி, ஒரு நேரம், கூட ஓர் ஆள், யோசிக்கவே தேவைப்படாத அளவுக்குச் சின்ன வேலை.

யாத்திரையே எடையைக் குறைத்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். வழியெல்லாம் அன்னதானம், திரும்பி வந்த வாரம் கறி விருந்து. யாத்திரைக்கு முன்னால் பழக்கத்துக்காகத் தினமும் நடக்கிறார்களே, உடம்புக்கு லாபம் அதில்தான்.

அரிசிய நிறுத்து, சக்கரைய நிறுத்து, காலைல ஓடு, ராத்திரி சாப்புடாதேனு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதைத்தானுங்க முதல்ல பண்றது?

டீயில் தொடங்குங்கள். நம் பக்கத்தில் இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நேரம் கேட்காது, காசு கேட்காது, வீட்டில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுந்ததும் வீட்டில் ஒரு டீ. பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, பொழுதோடு ஆறரைக்கு ஒன்று. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது நண்பரோடு பேக்கரியில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 10 கிராம். ஐந்து டீக்கு 50 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சர்க்கரைக்குச் சொல்லியிருக்கும் வரம்பு நாளுக்கு 25 கிராம். டீயிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு போய்விடுகிறது. கலோரியில் சொன்னால் 200. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை. அடுத்த முறை மளிகைக் கடைக்குப் போகும்போது அந்த ஒன்றரைக் கிலோவைக் கையில் தூக்கிப் பாருங்கள், நான் சொல்வதைவிடத் தெளிவாகப் புரியும்.

ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தினால் மூன்றாம் நாள் டீ கசக்கும், நாலாம் நாள் பழையபடி இரண்டு ஸ்பூன். ஒரு வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று என்று இறங்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். பேக்கரியில் 'சர்க்கரை கம்மி' என்று ஒரு வாரம் சொன்னால் போதும், மாஸ்டரே அடுத்த வாரம் கேட்காமல் போட்டுத் தருவார்.

'நாட்டுச் சர்க்கரை போட்டுக்கறேன்' என்கிறார்கள். கவுந்தப்பாடிச் சரக்கு மேல் எனக்கும் பாசம் உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு. ஆனால் கலோரிக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு ஸ்பூன் என்றால் இரண்டு ஸ்பூன்தான்.

டீயோடு சேர்கிற பப்ஸ், தேங்காய் பன், வெஜ் ரோல் அடுத்த கட்டம். முதல் மாதம் அதைத் தொட வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஒன்று நிலைத்த பிறகு அடுத்தது.

சரீங்க, நடக்கோணும்ங்கறாங்க. காலைல எட்டரைக்குக் கம்பெனி. வீட்டு வேலையே முடியறதில்லை. நேரம் எங்கீங்க?

நேரமே எழுந்து ஒரு மணி நேரம் நடப்பதென்பது ஓய்வு பெற்றவர்களின் கணக்கு. உங்களுக்குச் சரிவராது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி. நாளுக்குப் பிரித்தால் 22 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது வேண்டும் என்ற பழைய பேச்சை விட்டுவிடுங்கள். 2020-ல் வந்த வழிகாட்டியில் சின்னச் சின்னத் துண்டுகளும் கணக்கில் சேரும்.

மதியச் சாப்பாடு முடிந்து செல்போனை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வாசலில் பத்து நிமிடம். சாப்பிட்டதும் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். அதற்குக்கூட முடியாத நாளில் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் எடை ஒன்றும் குறையப் போவதில்லை. ஆனால் சாப்பிட்டால் எழுந்து நடக்கிற ஆள் நான் என்று உங்களுக்கே பழகிப்போகும்.

தறிக்குடோன்ல நாள் பூரா நடந்துட்டேதான் இருக்கறேன். அப்புறமும் ஒடம்பு ஏறுதே?

விசைத்தறியில் நாலு தறிக்கு நடுவில் நடப்பது உழைப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடையால் செலவாகிற கலோரி நாம் நினைப்பதைவிடக் குறைவு. 70 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. ஒரு பப்ஸ் அதைத் திருப்பித் தந்துவிட்டு மேலும் தரும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் உதவும். முதலில் எடை இறங்குவது தட்டில்தான்.

தறிக்காரர்களிடம் நான் கூடுதலாகக் கேட்பது ராத்திரி ஷிப்ட் பற்றி. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, அதுவும் இனிப்புக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் கை போகும். மன உறுதி குறைவு என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள். பகலில் தூங்குவதென்றால் ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். சில வீடுகளில் நான் சொன்ன முதல் மாற்றமே இதுதான், சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வர ஒம்போதாயிருது. அதுக்கப்புறம் சாப்புடறதால தான் தொப்பையா?

மணி ஒன்பது ஆனதால் மட்டும் இல்லை. மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டு, நடுவில் டீயும் பன்னும் மட்டும் போனால் ஒன்பதரைக்குப் பசி பசியாக இருக்காது, வெறியாக இருக்கும். அந்தப் பசியில் சோறு எத்தனை கரண்டி போட்டோம் என்று கை கணக்குப் பார்க்காது. ஆறரை மணிக்கு வேகவைத்த கடலை ஒரு கிண்ணம், சுண்டல், இல்லை இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டுப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு தானாகச் சுருங்கும்.

வழியில் நிற்கிற தள்ளுவண்டிக் காளான் பற்றியும் கேட்பார்கள், 'காளான் காய்தானுங்க?' என்று. அதில் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும் எண்ணெயும். மாதத்துக்கு இரண்டு முறை ஆசைக்குச் சாப்பிடுங்கள், காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டாக்டர் 20 கிலோ குறைக்கச் சொன்னாரு. கேட்டதுமே கால் ஓஞ்சு போச்சுங்க.

அந்த 20-ஐ இப்போதைக்கு மறந்துவிடலாம். முதல் இலக்கு உங்கள் எடையில் 5 சதவீதம். 84 கிலோ இருந்தால் நாலு கிலோ சொச்சம். அவ்வளவு குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் நல்ல பக்கம் நகர ஆரம்பிக்கும். முட்டுவலிக்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முட்டியில் விழும் சுமை ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. நாலு கிலோ குறைந்தவருக்கு மாடிப்படியிலேயே வித்தியாசம் தெரியும்.

எடை மெஷினைவிட எனக்குப் பிடித்தது இஞ்ச் டேப். திருப்பூரில் அது இல்லாத வீடு எது? டெய்லர்கள் கழுத்திலேயே போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், சுமார் முப்பத்தைந்தரை அங்குலம். இதைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் இருக்கிற நம் ஊர் உடம்புவாகுக்கு இந்த அளவுதான் உண்மையைச் சொல்லும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பிஎம்ஐ கணக்கைப் பார்ப்பதென்றால் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன். ஐந்தடி ஓரங்குலம், 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது முறையே 55, 60 கிலோவில் வருகிறது. வெளிநாட்டு அட்டவணையில் உடற்பருமன் 30-ல் தொடங்கும். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் கோடு கீழே இருக்கிறது.

இதெல்லாம் கேட்டு மேலும் சோர்ந்துபோனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரின் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. ஆண்களில் 37 சதவீதம். பத்துப் பேரில் நாலு பேர். ஒரு ஊரே சேர்ந்து சோம்பேறியாகிவிடாது. வேலை உட்கார்ந்த வேலையாகிவிட்டது, எண்ணெயும் மைதாவும் தெருமுனைக்கு வந்துவிட்டன.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு அமுச்சி சொல்லும். கொள்ளுத் தண்ணி குடிச்சா கொழுப்பு கரையுமா?

கரையாது. எந்தத் தண்ணீர் குடித்தாலும் கரையாது, சீரகத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர் உட்பட. ஆனால் அமுச்சி சொன்னது வீண் இல்லை. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் தாராளம். தண்ணீரை வடித்துக் குடித்துவிட்டுக் கொள்ளை ஒதுக்குவதுதான் தலைகீழ். கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றோடு சாப்பிடுங்கள், வடித்த தண்ணீரில் ரசம் வையுங்கள். வழக்கமாகப் போடுகிற சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பு ஒரு கரண்டி கூட்டினால் மாலை வரை வயிறு தாங்கும். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு, இரண்டு நாள் பச்சைப்பயறுக் கடைசல், ஒரு நாள் தட்டைப்பயறு. இதற்கெல்லாம் புதிதாக எதையும் கற்க வேண்டாம், நம் அடுப்படியில் ஏற்கெனவே உள்ளதுதான்.

அரிசிக்குப் பதில் ராகிக் களி, கம்பங்கூழுக்கு மாறிட்டா போதுமா?

அதுவும் தானியம்தான். களி உருண்டை பெரிதானால் கலோரியும் பெரிது. ராகியில் கால்சியமும் நார்ச்சத்தும் கூடுதல், அதனால் நல்லது. ஆனால் அளவில்லாமல் சாப்பிட்டால் இறங்காது. அரிசிம்பருப்புச் சோறு பிடித்தவர்கள் அதையே சாப்பிடுங்கள். கூட நெய்யும் அப்பளமும் மட்டும் இல்லாமல், சோற்று அளவுக்கு அவரை, சுரை, பீர்க்கன், கீரை என்று ஏதாவது ஒரு காய் இருக்கட்டும். முதல் கவளமே காயாக இருக்கட்டும். தட்டில் பாதி காய் என்பதைக் கண்ணளவாகப் பாருங்கள், தராசு வேண்டாம்.

செக்கு எண்ணெய்தானுங்க ஊத்தறோம், அதுவுமா?

அதுவும்தான். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், செக்கு, மில் எல்லாமே ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாதத்துக்குத் தலைக்கு அரை லிட்டருக்குள் இருக்கிறதா என்று கேனைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்தால் பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

சனிக்கிழமை ஒருசந்தி இருக்கறனுங்க. அதுல குறையுமா?

பகலெல்லாம் பட்டினி இருந்து பொழுது சாய்ந்ததும் வடை, பாயசத்தோடு முடித்தால் குறையாது. நேரம் பார்த்துச் சாப்பிடுகிற விரதமுறைகளை ஆராய்ந்ததில், தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதற்கும் அதற்கும் எடை விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு எது தொல்லையில்லாமல் ஓடுகிறதோ அது. சாமிக்காக இருக்கிற விரதத்தைச் சாமிக்காகவே இருங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் விரதமோ திடீர்ச் சாப்பாட்டுக் குறைப்போ தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், வண்டி ஓட்டும்போது வந்தால் இன்னும் ஆபத்து. கர்ப்பிணிகள் எடை குறைப்பில் இறங்கவே கூடாது.

ஞாயித்துக்கிழமை கறி, மாரியம்மன் நோம்பி, கெடா விருந்து, கல்யாணம்... எப்படீங்க கட்டுப்பாடா இருக்கறது?

விருந்து நாளில் கட்டுப்பாடாக இருக்க வேண்டாம். காலண்டரை எடுத்து வருடத்தில் உண்மையான விருந்து நாட்கள் எத்தனை என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். பங்காளி வீட்டுக் கெடா வெட்டு, நோம்பி, நெருங்கிய சொந்தத்துக் கல்யாணம், பொங்கல், தீபாவளி. எண்ணிப் பார்த்தால் வட்டம் போட்ட நாளைவிட வெறும் நாள்தான் பல மடங்கு இருக்கும். எடை ஏறுவது அந்த வெறும் நாட்களில். அதிலும் குறிப்பாக நோம்பி முடிந்த மறுவாரம். கச்சாயம், முறுக்கு, அதிரசம் எல்லாம் எவர்சில்வர் டப்பாவில் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும். டப்பாவைத் தாண்டும்போதெல்லாம் கை போகும். சுட்ட அன்றே பக்கத்து வீடு, கம்பெனி, பால்காரர் என்று பங்கிட்டுவிட்டு, வீட்டுக்கு இரண்டு நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த புண்ணியமும் மிச்சம்.

பந்தியில் 'இன்னும் கொஞ்சூண்டு போட்டுக்குங்க' என்று நம் ஆட்கள் விட மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் கேட்காது. முதல் சுற்றில் எல்லாவற்றையும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டால், இரண்டாம் சுற்றில் சந்தோஷமாக ஒன்று வாங்கலாம். வாங்கினீர்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம், அளவு இல்லை.

விருந்துக்கு மறுநாள் எடை மெஷினில் ஏறாதீர்கள். உப்பும் நீரும் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும். கொழுப்பு ஒரே ராத்திரியில் அப்படி ஏறாது. மாதவிடாய் நாட்களுக்கு முன்பும் இதே கதை. அந்த எண்ணைப் பார்த்து 'இனி எதுக்கு' என்று விட்டவர்கள் ஏராளம்.

ரோட்டுல நடக்கவே கூச்சமா இருக்குதுங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நாய் வேற தொரத்துது.

கூச்சம் நியாயமானது, நாய் அதைவிட நியாயமானது. மொட்டை மாடியில் தொடங்குங்கள். எட்டு போட்டு நடந்தாலும் நடைதான். இன்னொரு அக்காவைச் சேர்த்துக்கொண்டால் கூச்சம் பாதியாகும். பிள்ளைகளை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்ட கையோடு, நைட்டி மேல் துண்டு போட்டபடியே இருவராகத் தெருக்கோடி வரை போய்த் திரும்புகிறவர்களைக் கோவையிலும் ஈரோட்டிலும் தினமும் பார்க்கலாம். அதற்கென்று ட்ராக் பேன்ட் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். செருப்பு மட்டும் பிடிப்பாக இருக்கட்டும்.

தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குத் தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரி இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வாருங்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் அரசு ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. எட்டும் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஒன்று போதும்.

'என்ன அம்மிணி, ஒடம்பு வெச்சுட்ட?'ன்னு சொந்தக்காரங்க கேக்கறதே ஆகலீங்க.

அவர்கள் 'சாப்ட்டியா' என்பதற்குப் பதிலாகக் கேட்பது அது. பதில் விளக்கமாக இருக்க வேண்டியதில்லை. 'ஆமாங்கத்தை, நடந்துட்டு இருக்கறேன்' என்று சிரித்துவிட்டுப் பேச்சை அவர்கள் மருமகள் பக்கம் திருப்பிவிடுங்கள். அவமானத்தால் எடை குறைந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவமானப்பட்ட நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அதிகம் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பருவ வயதுப் பெண் இருந்தால் அவள் காதுபட இந்தப் பேச்சை யாரையும் பேச விடாதீர்கள். இதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பத்து நாள் பண்ணுவனுங்க, அப்பறம் விட்டுப் போயிரும். 21 நாள் பண்ணுனா பழக்கமாயிரும்னு சொல்றாங்களே?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செய்த ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கு மேல் என்று கணித்தார்கள். ஆகவே 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறை இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் படிவது கெடவில்லை.

நான் சொல்வது ஒரே விதி: ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டாம் நாள் விடக் கூடாது. கம்பெனியில் ஏற்றுமதி ஷிப்மென்ட் நெருக்கும் வாரம், பிள்ளைக்குக் காய்ச்சல், பவர் கட் என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும். அந்த நாளுக்கென்று ஒரு சின்ன அளவை முன்பே முடிவு செய்து வையுங்கள். வழக்கமாக இருபது நிமிடம் என்றால் நெருக்கடி நாளில் மூன்று நிமிடம். டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூன் என்றால் அன்றும் ஒரு ஸ்பூன்தான், அதற்கு நேரம் தேவையில்லை.

எந்திரிக்கவே மனசு வரலீங்க. இது சோம்பலா, வேற ஏதாச்சும் சீக்கா?

நல்ல கேள்வி, இதை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் எடையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மனநல உதவி தேடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து, நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் துடிக்கிறவர்களும் இதையே செய்யலாம். அதுவும் சிகிச்சையுள்ள நோய்தான்.

தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்துவிடுவது நல்லது. குறைவாகச் சுரந்தால் சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டல், குளிர் தாங்காமை வரும். ஆனால் அதனால் ஏறுகிற எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். 25 கிலோவுக்கும் தைராய்டைக் கைகாட்ட முடியாது. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில சர்க்கரை மருந்துகள் எடையைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பவுடர் கலக்கிக் குடிச்சு 10 கிலோ குறைஞ்சுதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இப்ப ஊசி கூட வந்துருச்சாமே?

பவுடரில் குறைவது சாப்பாட்டு நேரத்தில் சாப்பாடு இல்லாததால். நிறுத்தியதும் சாப்பாடு திரும்பும், எடையும் திரும்பும், பணம் திரும்பாது. என்ன கலந்திருக்கிறது என்று தெளிவாக எழுதாத டப்பாவை வாங்காதீர்கள்.

ஊசி வேறு விஷயம். மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. உண்மையிலேயே பசியைக் குறைக்கின்றன, பிஎம்ஐ மிக அதிகம் உள்ளவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து. குமட்டல், வாந்தி வரலாம். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரதமும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும். நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறுகிறது. கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் போட்டுக்கொள்கிற பொருள் அல்ல.

எனக்கில்லீங்க, எங்க வீட்டுக்காரருக்கு. சொன்னா கோவிச்சுக்கறாரு. எப்படிச் சொல்றது?

எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'உங்களுக்கு பிபி பாத்து எத்தனை நாளாச்சு?' என்று மட்டும் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்க்கிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர் வீட்டில் இருக்கிற நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். மனைவி சொல்லிக் கேட்காதவர்கள் பிபி மெஷினில் 150 என்று வந்தால் கேட்பதுண்டு. அதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது, வீட்டு டீயில் சர்க்கரையை அவரிடம் சொல்லாமலே கால் ஸ்பூன் குறைப்பது. பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்தால் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.